நீறு பூத்த நெருப்பா, புதிய பொறியா?

இரவுச் சமையல் முடிந்தபின் அடுப்பிலுள்ள கங்குகளைச் சாம்பலால் மூடி வைப்பது கிராமத்து வீடுகளில் வழக்கமாக இருந்தது. மேலே பார்த்தால் அடுப்பு ஆறிக் கிடக்கும். விடியற்காலையில் சாம்பலை விலக்கி ஊதினால் கங்கு சிவக்கும். சுள்ளியை வைத்தால் பற்றிக்கொள்ளும். இதைத்தான் நீறு பூத்த நெருப்பு என்கிறோம்.

காசநோய்க் கிருமி மனித உடலில் வாழும் விதத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. இருமும் நோயாளியிடமிருந்து காற்றில் கலக்கும் கிருமி மற்றொருவரின் நுரையீரலை அடைகிறது. உடலின் காவல் அணுக்கள் அதைச் சூழ்ந்துகொண்டு ஒரு சிறு கணுவுக்குள் சிறை வைக்கின்றன. கிருமி பெரும்பாலும் சாவதில்லை, உறங்குகிறது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இக்கிருமியின் தொற்றைப் பெற்றவர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் என்றேனும் நோய் வெளிப்படுகிறது. மற்றவர்களிடம் கங்கு சாம்பலுக்குள்ளேயே கிடந்துவிடுகிறது.

உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றினால் என்ன ஆகும்? சாம்பல் விலகுகிறது; கங்கு மூள்கிறது. இது எளிதில் விளங்கும். ஆனால் வீடு பற்றி எரிவதற்கு வேறொரு வழியும் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பொறி பறந்து வந்து கூரைமேல் விழுந்தாலும் வீடு எரியும். எதிர்ப்பு ஆற்றல் குன்றிய ஒருவருக்குக் காசநோய் வந்தால் அது எது? பல ஆண்டுகளுக்கு முன் உடலில் புகுந்து உறங்கிய பழைய கிருமியா, அல்லது சென்ற மாதம் பக்கத்துக் கட்டிலில் இருமியவரிடமிருந்து வந்த புதிய கிருமியா?

எக்ஸ்ரே படம் இதைச் சொல்லாது. நுண்ணோக்கியும் சொல்லாது. ஆனால் விடையைப் பொறுத்து நாம் செய்ய வேண்டிய காரியம் மாறுகிறது. பழைய கங்கு என்றால் அந்த ஒருவருக்குத் தடுப்பு மருந்து கொடுத்தால் போதும். புதிய பொறி என்றால் மருத்துவமனையின் சுவர்களையும் சாளரங்களையும் காற்றோட்டத்தையும் சோதிக்க வேண்டும். கிருமி கண்டுபிடிக்கப்பட்டு நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் இந்த வினாவுக்கு உறுதியான விடை காண வழியில்லாமல் இருந்தது. அந்த வழி பிறந்த வரலாறே இக்கட்டுரை.

ஒரே முகம் கொண்ட கிருமிகள்

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்ததை அறிவித்தார். அதன்பின் கிருமியின் வடிவம், வளரும் விதம், அதைக் கொல்லும் மருந்துகள் ஆகியவை ஒவ்வொன்றாக விளங்கலாயின. ஆனால் ஒரு காசநோய்க் கிருமியை மற்றொரு காசநோய்க் கிருமியிலிருந்து பிரித்து அறிவது மட்டும் கைகூடவில்லை.

வேறு பல பாக்டீரியாக்களில் இத்தகைய தொல்லை இல்லை. எடுத்துக்காட்டாக, உணவை நஞ்சாக்கும் சால்மோனெல்லா கிருமிகளைச் சீரத்தின் துணைகொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கலாம். ஒரு விருந்தில் பலர் நோயுற்றால், எல்லாரிடமும் இருப்பது ஒரே வகையா என்று பார்த்து, நோய் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். காசநோய்க் கிருமிகளோ ஒரே அச்சில் வார்த்த நாணயங்கள் போன்றவை. பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களைக் கொண்டு அவற்றைப் பிரிக்கும் முயற்சி நடந்தது; அதில் கிடைத்தவை ஒரு சில வகைகளே. ஊரிலுள்ள அனைவரையும் உயரமானவர், குள்ளமானவர் என்று இரண்டாகப் பிரித்துவிட்டுத் திருடனைத் தேடுவது போன்றது அது.

ஆயினும் கிருமியின் ஓர் அடையாளத்தைப் பயன்படுத்திய அழகிய சோதனை ஒன்று உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி என்னும் அறிஞர் காசநோயாளிகள் தங்கிய ஆறு அறைகளின் காற்றைக் குழாய் வழியே மேல்மாடிக்குக் கொண்டு சென்றார். அங்கே கூண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கினி எலிகள் இருந்தன. அவை நோயாளிகளைத் தொட்டதில்லை. அவர்களது காற்றை மட்டுமே சுவாசித்தன. அவற்றுக்கும் காசநோய் வந்தது. காசநோய் காற்றின் வழியே பரவுகிறது என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. எந்த நோயாளியின் கிருமி எந்த எலியை அடைந்தது? சில நோயாளிகளின் கிருமிகள் சில மருந்துகளுக்குப் பணியாதவை. எலியிடம் கிடைத்த கிருமி எந்தெந்த மருந்துக்குப் பணியவில்லை என்று பார்த்து ரைலி அதற்குரிய நோயாளியை அடையாளம் கண்டார்.

இது கூண்டுக்குள் நடந்த சோதனை. வெளியே, மனிதரிடையே, இந்த அடையாளம் போதவில்லை. 1967இல் வில்லியம் ஸ்டெட் என்னும் அமெரிக்க மருத்துவர், வளர்ந்தவர்களிடம் காணும் காசநோய் பெரும்பாலும் பழைய தொற்று மீண்டும் மூள்வதே என்று தெளிவாக வாதிட்டார். நோய் குறைந்து வந்த நாடுகளில் அக்கருத்து வேரூன்றியது. ‘நீறு பூத்த நெருப்பு’ பாடநூலில் ஏறிவிட்டது.

எய்ட்ஸ் வந்த பிறகு

அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டில் 84,304 பேருக்குக் காசநோய் பதிவாயிற்று. 1985இல் அது 22,201ஆகக் குறைந்தது. இன்னும் சில ஆண்டுகளில் நோய் ஒழிந்துவிடும் என்று பலர் நம்பினர். காசநோய்க்கு ஒதுக்கிய பணம் குறைந்தது. சிறப்பு மருத்துவமனைகள் மூடப்பட்டன.

ஆனால் 1981ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாளே எய்ட்ஸ் நோயைப் பற்றிய முதல் குறிப்பு அந்நாட்டு அரசின் சுகாதார இதழில் வெளிவந்திருந்தது. எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. என்னும் வைரஸ், இரத்தத்திலுள்ள உதவி டி-அணுக்களை அழிக்கிறது. காசநோய்க் கிருமியைச் சிறையில் வைத்திருக்கும் காவல் அணுக்களுக்கு ஆணையிடுபவை இந்த டி-அணுக்களே. ஆணையிடுவோர் இல்லையேல் சிறைச்சுவர் சரிந்துவிடும்.

நியூயார்க்கில் போதை ஊசிப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களிடையே நடந்த ஓர் ஆய்வு 1989இல் வெளிவந்தது. காசநோய்த் தொற்றும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து உள்ளவர்களில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு நோய் மூண்டது. எச்.ஐ.வி. இல்லாதவருக்கு ஆயுள் முழுவதற்கும் உள்ள ஆபத்து இவர்களுக்கு ஓர் ஆண்டிலேயே வந்துவிட்டது. 1992இல் அமெரிக்காவின் காசநோயாளர் தொகை 26,673ஆக உயர்ந்தது. வீடற்றோர் பெருகியது, சுகாதாரப் பணிகள் நலிந்தது ஆகியவையும் இதற்குக் காரணம்.

எல்லாம் பழைய கருத்துக்குப் பொருந்துவதாகவே தோன்றியது. சாம்பல் விலகியது, கங்கு மூண்டது, அவ்வளவுதான் என்று எண்ணினர்.

வார்டுகளில் மரணம்

1988 முதல் 1991 வரை மயாமி, நியூயார்க் நகரங்களின் சில மருத்துவமனைகளில் அச்சமூட்டும் நிகழ்ச்சிகள் நேர்ந்தன. எய்ட்ஸ் நோயாளிகள் அடுத்தடுத்துக் காசநோய்க்கு ஆளாயினர். அக்கிருமிகள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரு முதன்மை மருந்துகளுக்கும், வேறு சில மருந்துகளுக்கும் பணியவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தத் தொற்றுகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 72 முதல் 89 பேர் வரை. நோய் கண்டறியப்பட்ட நாளுக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட காலம் 4 முதல் 16 வாரங்களாக இருந்தது.

இந்த வார எண்ணிக்கையை வாசகர்கள் சற்று நினைவில் வைக்க வேண்டும். சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமி இரண்டாவதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சளியிலிருந்து கிருமியை வளர்த்தெடுக்கவே பல வாரங்கள் ஆகும். அது எந்த மருந்துக்குப் பணியும் என்று பார்க்க மேலும் சில வாரங்கள். ஆய்வகத்தின் அறிக்கை வருமுன்பே நோயாளி இறந்துவிடுவது அன்று புதுமையாக இல்லை. அதுவரை அவர் பயனற்ற மருந்துகளை உண்டுகொண்டு, பொது வார்டில் மற்ற எய்ட்ஸ் நோயாளிகளுக்கு நடுவே இருமிக்கொண்டிருந்தார்.

மருந்துக்குப் பணியாத கிருமி ஒருவரிடம் தோன்றினால் மருத்துவர்களுக்கு முதலில் எழும் எண்ணம் ஒன்றுண்டு: ‘இவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்’. இதில் நியாயம் இல்லாமலில்லை. மருந்தை இடையில் நிறுத்தினால் எளிய கிருமிகள் மடிந்து, வன்மை மிக்கவை எஞ்சிப் பெருகும். வீடற்றோரும் போதைப் பழக்கமுடையோரும் பலர் அந்நோயாளிகளில் இருந்ததால் பழி அவர்கள்மேல் விழுவது எளிதாயிற்று. உண்மையில் குற்றம் நோயாளியிடமா, வார்டின் காற்றிலா? சாட்சி சொல்ல வேண்டியது கிருமி ஒன்றே.

கிருமியின் விரல்ரேகை

நல்ல வேளையாக, கிருமியைப் பேச வைக்கும் கலை அப்போதுதான் பிறந்திருந்தது.

1975இல் எட்வின் சதர்ன் என்னும் ஆங்கிலேயர், துண்டு துண்டாக வெட்டிய டி.என்.ஏ.விலிருந்து வேண்டிய துண்டுகளை மட்டும் அடையாளம் காணும் முறையை வகுத்தார். 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் இதே அடிப்படையில் மனிதரின் டி.என்.ஏ. விரல்ரேகையைக் கண்டார், குற்றவாளிகளைப் பிடிக்க அது பயன்பட்டது. 1990ஐ ஒட்டி ஐரோப்பிய ஆய்வாளர்கள் காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வில் வியப்பான ஒரு துண்டைக் கண்டனர். 1,355 எழுத்து நீளமுள்ள அத்துண்டு, தன்னைப் படியெடுத்துக்கொண்டு டி.என்.ஏ.வில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவக்கூடியது. அதற்கு ஐ.எஸ். 6110 என்று பெயர் இட்டனர்.

இதை ஓர் உவமையால் விளக்கலாம். கிருமியின் டி.என்.ஏ.வை ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட ஒரு பெரும் நூலாகக் கொள்வோம். அதில் ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள். எல்லாக் காசநோய்க் கிருமிகளிடமும் உள்ள நூல் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் ஒரு குறிப்பிட்ட வாக்கியம் மட்டும் ஒரு பிரதியில் 10ஆம், 90ஆம், 300ஆம் பக்கங்களில் இருக்கிறது. மற்றொரு பிரதியில் 25ஆம், 90ஆம், 410ஆம் பக்கங்களில் இருக்கிறது. தாவும் அந்த வாக்கியமே ஐ.எஸ். 6110.

இனி நூலை வெட்ட வேண்டும். பி.வி.யு.-2 என்னும் நொதி, சி-ஏ-ஜி-சி-டி-ஜி என்ற ஆறெழுத்துச் சொல் எங்கெங்கு வருகிறதோ அங்கெல்லாம் டி.என்.ஏ.வை வெட்டும். கிடைத்த துண்டுகளை அகரோஸ் என்னும் கூழில் இட்டு மின்சாரம் செலுத்தினால் சிறிய துண்டுகள் வேகமாகவும் பெரிய துண்டுகள் மெதுவாகவும் நகர்ந்து, நீளத்துக்கு ஏற்ப வரிசையாக நிற்கும். பிறகு அந்த வாக்கியத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் அடையாளப் பொருளைச் சேர்த்தால், வாக்கியம் உள்ள துண்டுகள் மட்டும் கோடுகளாகத் தெரியும். நூலில் வாக்கியம் எத்தனை இடங்களில் உண்டோ அத்தனை கோடுகள். இக்கோடுகளின் வரிசையே அக்கிருமியின் விரல்ரேகை.

இந்த ரேகையின் மதிப்பு அதன் மாறும் வேகத்தில் இருக்கிறது. வாக்கியம் அடிக்கடி தாவுவதில்லை; தாவ மறுப்பதும் இல்லை. சில மாதங்களில் ஒருவரிடமிருந்து ஒருவராகப் பரவிய கிருமிகளில் ரேகை மாறாதிருக்கும். தொடர்பற்ற கிருமிகளில் வேறுபட்டிருக்கும். 1993இல் வான் எம்டன் முதலிய அறிஞர்கள் ஒரே நொதி, ஒரே முறை என்று உலக ஆய்வகங்களுக்கெல்லாம் பொதுவான ஓர் ஏற்பாட்டை வகுத்தனர். அதன்பின் ஒரு நாட்டில் எடுத்த ரேகையை மற்றொரு நாட்டில் எடுத்ததோடு ஒப்பிட முடிந்தது.

ரேகை சொன்ன சாட்சி

சான் பிரான்சிஸ்கோவில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் தங்குவதற்கென்று ஒரு விடுதி இருந்தது. 1990 டிசம்பருக்கும் 1991 ஏப்ரலுக்கும் இடையே அங்கு தங்கியவர்களில் 12 பேருக்குக் காசநோய் வந்தது. பழைய கருத்தின்படி, 12 பேரின் பழைய கங்குகளும் தற்செயலாக ஒரே பருவத்தில் மூண்டிருக்க வேண்டும். அப்படியானால் 12 ரேகைகளும் வெவ்வேறாக இருக்கும். ஆனால் கிருமி கிடைத்த 11 பேரின் ரேகைகளும் ஒன்றாகவே இருந்தன. ஒருவரிடமிருந்து கிளம்பிய பொறி, அவரோடு வாழ்ந்த 30 பேரில் 11 பேரைச் சில மாதங்களுக்குள் நோயாளிகளாக்கியிருந்தது. அங்குப் பணிபுரிந்த ஊழியர்களில் சிலருக்குத் தொற்று இருந்தும் ஒருவருக்கும் நோய் வரவில்லை. ஒரே காற்று, உடலின் எதிர்ப்பு ஆற்றல்தான் வேறு. 1992இல் வெளிவந்த இந்த ஆய்வு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. தொற்றுக்கும் நோய்க்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கும் என்ற கணக்கு, எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களிடம் செல்லவில்லை.

அதே ஆண்டு நியூயார்க் மருத்துவமனை ஒன்றைப் பற்றிய ஆய்வும் வந்தது. 1989 ஜனவரி முதல் 1990 ஏப்ரல் வரை அங்கு 18 எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருந்துக்குப் பணியாத காசநோய் கண்டிருந்தது. இவர்களில் பலர், முன்பு வேறு காரணத்துக்காக அதே மருத்துவமனையில் இருந்தபோது, இருமிக்கொண்டிருந்த காசநோயாளிகளோடு ஒரே வார்டில் தங்கியவர்கள். ரேகைகளும் பெரும்பாலும் ஒத்திருந்தன. ஆய்வாளர்கள் அறைகளின் வாசலில் புகையை விட்டுப் பார்த்தனர். தொற்று நோயாளியின் அறையில் காற்று வெளியிலிருந்து உள்ளே இழுக்கப்பட வேண்டும். உள்ளிருந்து நடைவழிக்கு வரக் கூடாது. சோதித்த 16 அறைகளில் ஒன்றில் மட்டுமே புகை சரியான திசையில் சென்றது. மயாமியில் வேறொரு வழியும் தெரியவந்தது. நிமோனியா வராமல் தடுக்க எய்ட்ஸ் நோயாளிகளுக்குப் பென்டமிடின் மருந்தை ஆவியாக இழுக்கச் செய்வது அன்றைய வழக்கம். அம்மருந்து கடும் இருமலை உண்டாக்கும். ஒரு நோயைத் தடுக்கும் அறையே மற்றொரு நோயைப் பரப்பும் அறையாயிற்று.

இவை எல்லாவற்றிலும் நெஞ்சைத் தொடுவது 1993இல் பீட்டர் ஸ்மால் முதலியோர் வெளியிட்ட ஆய்வே. சில நோயாளிகளிடம் முதலில் இருந்த கிருமி மருந்துக்குப் பணிந்தது. சிகிச்சையால் அவர்கள் தேறியும் வந்தனர். பின்னர் அவர்களிடம் மருந்துக்குப் பணியாத கிருமி தோன்றியது. ‘மருந்தை விட்டிருப்பார்கள்’ என்றுதான் யாரும் எண்ணுவர். ஆனால் முற்றிய எச்.ஐ.வி. நோய் கொண்ட சிலரிடம் முதல் கிருமியின் ரேகையும் இரண்டாம் கிருமியின் ரேகையும் முற்றிலும் வேறாக இருந்தன. பழைய கிருமி வன்மை பெற்றிருந்தால் ரேகை மாறியிருக்காது. எனவே இது வெளியிலிருந்து வந்த புதிய கிருமி. குற்றவாளி என்று எண்ணப்பட்டவர், குணமாக வந்த இடத்தில் மீண்டும் நோய் வாங்கிக்கொண்டவர் என்று தெரிந்தது.

நியூயார்க்கில் பரவிய ஒரு கிருமிக்கு ‘டபிள்யூ’ இனம் என்று பெயரிட்டனர். 1990 ஜனவரியிலிருந்து 1993 ஆகஸ்டு வரை அதன் அடையாளங்களோடு 357 நோயாளிகள் காணப்பட்டனர். அவர்களில் 267 பேரின் கிருமிகளுக்கு ரேகை எடுக்க முடிந்தது. அவை யாவும் ஒன்றாகவோ ஏறத்தாழ ஒன்றாகவோ இருந்தன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். தொற்று நடந்த இடங்களாக 11 மருத்துவமனைகள் அடையாளம் காணப்பட்டன.

ஒரு நகரத்தின் படம்

எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி, பிறகு நகரம் முழுவதையும் நோக்கித் திரும்பியது. சான் பிரான்சிஸ்கோவில் 1991, 1992 ஆண்டுகளில் கண்ட 473 காசநோயாளிகளின் கிருமிகளுக்கும் ரேகை எடுத்தனர். 191 பேர், தம்மைப்போன்ற ரேகையுடைய வேறு ஒருவரோடேனும் கூட்டமாகச் சேர்ந்தனர். புதிய நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அண்மையில்தான் தொற்றைப் பெற்றவர் என்று கணக்கிட்டனர். பாடநூலின் பழைய கருத்து முழுவதும் பொய்யாகிவிடவில்லை. ஆனால் அது நினைத்த அளவுக்கு முழு உண்மையும் அன்று.

ரேகை மற்றொரு பிழையையும் காட்டிக்கொடுத்தது. சிலருக்குக் காசநோயின் குறி ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆய்வகம் மட்டும் ‘கிருமி உண்டு’ என்றது. அந்தக் கிருமியின் ரேகை, அன்று அதே மேசையில் சோதிக்கப்பட்ட வேறொருவரின் கிருமியோடு ஒத்திருந்தது. ஒரு குழாயிலிருந்து மற்றொரு குழாய்க்குக் கிருமி தவறிச் சென்றிருந்தது. வேண்டாத மருந்தைப் பல மாதங்கள் உண்பதிலிருந்து இவர்கள் தப்பினர்.

நியூயார்க் நகரம் விழித்துக்கொண்டது. தொற்று நோயாளிகளைத் தனியறையில் வைத்தனர், அறைகளின் காற்றோட்டத்தைத் திருத்தினர், ஆய்வகங்களை விரைவாக்கினர். நோயாளி மருந்தை விழுங்குவதை ஒருவர் நேரில் காணும் முறையை விரிவாகக் கையாண்டனர். இம்முறையின் வேர்களுள் ஒன்று சென்னையில் உள்ளது. 1956இல் அங்கு தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் ஆய்வுகளே, வீட்டிலிருந்தபடி சிகிச்சை பெற முடியும் என்பதையும், மருந்து உட்கொள்வதை மேற்பார்க்க வேண்டும் என்பதையும் உலகுக்கு உணர்த்தின. நியூயார்க்கில் 1992இல் 3,811ஆக இருந்த காசநோயாளர் தொகை 1994இல் 2,995ஆகக் குறைந்தது.

சென்னையில் ஒரு சோதனை

சென்னைக்கு இவ்வரலாற்றில் வேறொரு பங்கும் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் அதற்கு வழிவகுத்தார். காசநோய் மலிந்த மண்ணில் எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் விளைவு என்ன என்ற கவலை எழுந்தது.

ஆனால் ரேகை எடுக்கப் புகுந்தபோது இங்கு ஒரு தடை குறுக்கிட்டது. மேலை நாடுகளின் கிருமிகளில் தாவும் வாக்கியம் பல இடங்களில் இருந்தது. ரேகையில் பல கோடுகள் விழுந்தன. தென்னிந்தியக் கிருமிகளில் பெரும் பகுதியில் அது ஒரே இடத்தில்தான் இருந்தது. சிலவற்றில் இல்லவே இல்லை. ஒற்றைக் கோட்டை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவரிடமிருந்து எப்படிப் பிரிப்பது? ஒரு நாட்டில் சிறந்த கருவி மற்றொரு நாட்டிலும் சிறந்ததாகவே இருக்கும் என்று கொள்ளலாகாது என்பதற்கு இது நல்ல பாடம்.

எனவே வேறு அடையாளங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கிருமியின் டி.என்.ஏ.வில் ஒரு பகுதியில் 43 சிறு துண்டுகளில் எவை உண்டு, எவை இல்லை என்று பார்க்கும் முறை 1997இல் வெளியாயிற்று. சில சொற்றொடர்கள் ஒவ்வோரிடத்திலும் எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகின்றன என்று எண்ணும் முறையும் வந்தது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் சுஜாதா நாராயணன், சௌம்யா சுவாமிநாதன் முதலியோர் இந்த மூன்று முறைகளையும் சேர்த்துக் கையாண்டனர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட வினா, நாம் தொடக்கத்தில் கேட்ட அதே வினா. காசநோய் குணமானபின் மீண்டும் வந்தால் அது பழைய கிருமியா, புதிய கிருமியா? 1999 முதல் 2005 வரை நோய் திரும்பியவர்களில், எச்.ஐ.வி. உள்ள 25 பேரின் இரு கிருமிகளையும், எச்.ஐ.வி. இல்லாத 23 பேரின் இரு கிருமிகளையும் ஒப்பிட்டனர். 2010இல் வெளிவந்த விடை ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. எச்.ஐ.வி. இல்லாதவர்களில் நூற்றுக்கு 91 பேருக்குத் திரும்பியது பழைய கிருமியே. எச்.ஐ.வி. உள்ளவர்களிலோ நூற்றுக்கு 88 பேருக்குப் புதிய கிருமி.

ஒரே நகரம், ஒரே நோய். ஆனால் ஒரு சாராருக்கு நீறு பூத்த நெருப்பு. மற்றொரு சாராருக்குப் புதிய பொறி. முதல் வகையினருக்கு முதல் சிகிச்சையை இன்னும் செம்மைப்படுத்த வேண்டும். இரண்டாம் வகையினருக்கு எவ்வளவு சிறந்த சிகிச்சை அளித்தாலும், சுற்றியுள்ள காற்றில் கிருமி இருக்கும்வரை பாதுகாப்பில்லை.

எழுத்தெழுத்தாகப் படித்தல்

1998இல் காசநோய்க் கிருமியின் முழு நூலும் படிக்கப்பட்டது. அதில் 44,11,529 எழுத்துகள் இருந்தன. அன்று பல ஆய்வகங்கள் சேர்ந்து பல ஆண்டுகள் செய்த அவ்வேலையை இன்று ஒரு கருவி சில நாட்களில் செய்துவிடுகிறது. எனவே ரேகை பார்ப்பதற்குப் பதில், இரு கிருமிகளின் நூல்களையும் முழுவதுமாகப் படித்து எத்தனை எழுத்துகள் மாறியுள்ளன என்று எண்ணும் முறை வந்துவிட்டது. கிருமியின் நூலில் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் எழுத்து மாறுகிறது. 2013இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வு, வேறுபாடு 5 எழுத்துகளுக்குள் இருந்தால் அண்மைத் தொற்று என்றும், 12க்கு மேற்பட்டால் நேர்த் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றும் அளவு வகுத்தது.

இங்கும் எச்சரிக்கை வேண்டும். இருவரின் கிருமிகள் ஒத்திருந்தால், ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார் என்று உடனே சொல்லிவிட முடியாது. இருவரும் மூன்றாம் ஒருவரிடம் பெற்றிருக்கலாம். ரேகை ஒரு சாட்சி, தீர்ப்பு அன்று. யார் எங்கே, எப்போது, யாரோடு இருந்தார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் சுகாதாரப் பணியாளரின் ஏடும் அதனோடு சேர்ந்தால்தான் உண்மை விளங்கும்.

எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்துகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றால் டி-அணுக்கள் மீள்கின்றன. காசநோயின் ஆபத்தும் பெரிதும் குறைகிறது. ஆயினும் 2023ஆம் ஆண்டில் உலகில் காசநோயால் இறந்த ஏறத்தாழ 12.5 லட்சம் பேரில் 1.6 லட்சம் பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. சர்க்கரை நோயாளிகள், உறுப்பு மாற்றச் சிகிச்சை பெற்றவர்கள், புற்றுநோய் மருந்து உண்பவர்கள் ஆகியோரும் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களே. ஏதாவதொரு மருத்துவமனையின் காத்திருக்கும் கூடத்தில் இவர்கள் ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பதை நாம் நாள்தோறும் காணலாம்.

டி.என்.ஏ. ரேகை எந்த நோயாளியையும் குணப்படுத்தியதில்லை. அது செய்ததெல்லாம், பார்க்க வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டியதுதான். நோயாளியின் மருந்துச் சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களை, நிமிர்ந்து சாளரத்தையும் பார்க்க வைத்தது. சாளரத்தைத் திறந்து வைப்பதற்கும், இருமும்போது வாயை மூடிக்கொள்வதற்கும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்துக்கொள்வதற்கும் பெரிய ஆய்வகம் தேவையில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, நீங்கள் அமர்ந்திருக்கும் கூடத்தில் காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று ஒரு கணம் கவனித்துப் பாருங்கள்.